மார்க்டவுன் முதல் டாம்ல் வரை: சொந்தத் தளத்துக்கான கோப்பு வடிவங்கள், ஒரு மதிப்புரை

கடந்த 11 ஆண்டுகளில் என் சொந்த வலைத்தளத்தை மூன்று முறை இடம் மாற்றியிருக்கிறேன். முதல் முறை, எழுதியதையெல்லாம் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்ளும் மென்பொருளிலிருந்து தனித்தனிக் கோப்புகளுக்கு. இரண்டாம் முறை, அந்தக் கோப்புகளை வலைப்பக்கங்களாக்கித் தரும் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு. மூன்றாம் முறை, அதே கருவியின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு. மூன்றாவதை இடமாற்றம் என்று சொல்வதே மிகை என்று தோன்றலாம், ஆனால் அதிக நாட்களைத் தின்றது அதுதான். ஒவ்வொரு முறையும் கருவி போனது, வார்ப்புரு போனது, சர்வர் போனது. கோப்புகள் மட்டும் கூடவே வந்தன. ஆகவே கருவிகளை விட்டுவிட்டு, அந்தக் கோப்புகள் எழுதப்பட்ட வடிவங்களையே இங்கே மதிப்பிடுகிறேன். எல்லாம் இலவசம் என்பதால் விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. செலவானது முழுவதும் என் ஞாயிற்றுக்கிழமைகள்.

தளத்தில் இருப்பவை கட்டுரைகள், கொஞ்சம் கவிதைகள், படித்த நூல்களின் பட்டியல், பிறகு தமிழ்நாட்டில் நான் போய்வந்த பழைய புத்தகக் கடைகளின் தொலைபேசி எண்ணும் திறக்கும் நேரமும் அடங்கிய ஓர் அட்டவணை. முதல் இரண்டும் எழுத்து, பின்னிரண்டும் தரவு. இவ்விரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்ததுதான் நான் செய்த முதல் பிழை. கட்டுரையில் ஒரு குறி தவறினால் பக்கத்தைத் திறந்தவுடன் கண்ணில் படும். அட்டவணையில் ஓர் எண் மாறினால் அந்த எண்ணை யாராவது அழைத்துப் பார்க்கும்வரை தெரியாது. எனவே எழுத்துக்கான வடிவம் கொஞ்சம் இளகிய மனம் கொண்டதாக இருந்தால் பாதகமில்லை, தரவுக்கான வடிவமோ கறாராக இருக்க வேண்டும் என்பதே இப்போது என் எண்ணம். கீழே வரும் தீர்ப்புகளை இந்தச் சாய்வோடு சேர்த்தே படிக்க வேண்டுகிறேன்.

வலைப்பக்கங்களின் சொந்த மொழியான எச்டிஎம்எல்லிலேயே நேராக எழுதிவிடலாமே என்பவர்களை நான் மறுக்கமாட்டேன். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1990-களின் தொடக்கத்தில் எழுதி, சேர்ன் ஆய்வகம் பாதுகாத்து வைத்திருக்கும் பக்கங்கள் இன்றைய உலாவியிலும் சங்கடமில்லாமல் திறக்கின்றன. ஆயுளைப் பொறுத்தவரை இதற்கு மேல் ஒரு சான்றிதழ் எந்த வடிவத்துக்கும் கிடையாது. பத்தியை முடிக்கும் டேகை (கோண அடைப்புக்குள் வரும் குறியை) எழுதாமல் விட்டாலும் விதிப்படி அது சரியே என்பதால், பலர் நினைக்கும் அளவுக்கு அது கையைக் கட்டுவதும் இல்லை. ஒரு சொல்லோ தொடரோ எந்த மொழியைச் சேர்ந்தது என்று குறிக்கும் வசதி இதில் இருப்பதுபோல் எளிய குறிமொழிகளில் இல்லை. தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஒரு சமஸ்கிருத மேற்கோளோ ஆங்கில வரியோ வரும்போது, திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் குரலை மாற்றிக்கொள்ள அந்தக் குறிப்பு தேவைப்படுகிறது. என்றாலும் தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு டேகுக்கும் விசைப்பலகையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் திரும்பத் தமிழுக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆயிரம் சொல் கட்டுரையில் இது எத்தனை முறை நிகழும் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

மார்க்டவுன் என்னைப் பிடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான். ஜான் குரூபர், ஆரோன் ஸ்வார்ட்ஸின் உதவியோடு 2004-இல் வெளியிட்ட இந்த வடிவத்தில், தலைப்புக்கும் அழுத்தத்துக்கும் பட்டியலுக்கும் தேவைப்படுவன நிறுத்தக்குறிகளும் சில சின்னங்களுமே. ஓர் ஆங்கில எழுத்துகூடத் தேவையில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதை ஒரு சிறப்பாகவே சொல்வதில்லை, அவர்களுக்கு அது புலப்பட வாய்ப்பும் இல்லை. எனக்கோ மற்ற எல்லாச் சிறப்புகளையும்விட இதுவே பெரிது. தமிழ் விசைப்பலகையைவிட்டு இறங்காமல் ஒரு கட்டுரையைத் தொடங்கி முடித்துவிடலாம்.

குரூபரின் விளக்கம் பல மூலைகளை இருட்டில் விட்டிருந்ததால் ஆளுக்கு ஒரு மார்க்டவுன் உருவானது. அதை ஒழுங்குசெய்ய ஜான் மெக்ஃபார்லேனும் ஜெஃப் அட்வுட் உள்ளிட்ட சிலரும் 2014-இல் காமன்மார்க் என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அந்த விதிகளில் ஒன்று, எந்த எழுத்துக் கோவையும் செல்லுபடியாகும் காமன்மார்க் ஆவணமே என்கிறது. அதாவது மார்க்டவுனில் பிழைச் செய்தி என்ற ஒன்றே கிடையாது. நீங்கள் என்ன எழுதினாலும் அது ஏதோ ஒன்றாக வந்து நிற்கும். பெருந்தன்மைதான், ஆனால் அந்தப் பெருந்தன்மை தமிழில் சில விசித்திரங்களைச் செய்கிறது.

தமிழில் பெயர்ச்சொல்லோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டுதான் வரும். ஒரு நூலின் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து, அதைத் தடித்த எழுத்தாக்கி, உருபை மட்டும் வெளியே விட நினைத்து **‘வைகை’**யில் என்று எழுதினால், காமன்மார்க் அதைத் தடிக்கச் செய்யாது, நான்கு நட்சத்திரக் குறிகளும் அப்படியே பக்கத்தில் அச்சாகும். மூடும் நட்சத்திரங்களுக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் இடைவெளியின்றி ஓர் எழுத்தும் வந்தால் அவற்றை மூடும் குறியாகக் கொள்ளக்கூடாது என்பது விதி. சீன, ஜப்பானிய மொழிகளில் எழுதுகிறவர்களும் இதே விதியில் இடறி விழுகிறார்கள் என்பது ஆறுதல். நட்சத்திரங்களை மேற்கோளுக்கு உள்ளே நகர்த்தி ‘**வைகை**’யில் என்று எழுதினால் சரியாகிவிடும். மேற்கோள் குறி இல்லாத இடத்தில் சிக்கலே இல்லை. அழுத்தத்துக்கு அடிக்கோட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: சொல்லின் நடுவே அடிக்கோடு வேலை செய்யாது, எனவே உருபு ஒட்டிய சொற்களில் அது எப்போதும் ஏமாற்றும். நட்சத்திரத்தையே பழகிக்கொள்வது நல்லது.

அடுத்தது கவிதை. குறள் வெண்பாவின் முதல் அடியில் நான்கு சீரும் இரண்டாம் அடியில் மூன்று சீரும் இருக்கும். மார்க்டவுனில் அதை இரண்டு வரிகளாக எழுதினால் பக்கத்தில் ஏழு சீரும் ஒரே வரியில் ஓடும். வரியை உடைக்க, வரியின் முடிவில் இரண்டு வெற்றிடங்களை விட வேண்டும் என்பது குரூபர் வகுத்த முறை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்மீது கவிதையின் வடிவத்தையே ஏற்றிவைப்பது சரியான யோசனை என்று நான் ஒருநாளும் கருதியதில்லை. பல எடிட்டர்களில், கோப்பைச் சேமிக்கும்போது வரியின் வாலில் இருக்கும் வெற்றிடங்களைத் துடைத்துவிடும் ஏற்பாடு உண்டு. அதை இயக்கிவைத்ததை மறந்து ஒருநாள் கவிதைக் கோப்புகள் அனைத்தையும் திறந்து திறந்து சேமித்தேன். மறுநாள் காலையில் என் கவிதைகள் எல்லாம் உரைநடையாக இருந்தன. (சில வாசகர்கள் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள், அது வேறு விவகாரம்.) காமன்மார்க்கில் வெற்றிடத்துக்குப் பதிலாக வரி முடிவில் ஒரு சாய்கோடு (\) இடலாம், அது கண்ணுக்குத் தெரியும், துடைபடாது, ஆனால் பழைய மார்க்டவுன் கருவிகள் சிலவற்றில் அந்தச் சாய்கோடு அப்படியே அச்சாகும்.

நாட்குறிப்புப் பாணியில் “1967. அந்த ஆண்டில்தான்” என்று ஒரு பத்தியைத் தொடங்கினால் அதை எண்ணிட்ட பட்டியலின் 1967-ஆவது உருப்படியாக மார்க்டவுன் எடுத்துக்கொள்ளும். காமன்மார்க் அந்த எண்ணையாவது மதித்து 1967 என்றே காட்டும். குரூபரின் மூல நிரல் வழியாகப் போனால் ஆண்டு 1 என்று மாறிவிடும். எண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு சாய்கோடு போதும், ஆனால் அதைப் போட வேண்டும் என்பது பிழை நேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

தலைப்புகளுக்கு இணைப்பு முகவரி உண்டாக்கும் விஷயத்தில் குற்றம் மார்க்டவுனுடையது என்று சொல்வது நியாயமாகாது, ஆனாலும் அதைத் தேர்ந்தெடுக்கிறவர் அறிந்திருக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் எழுத்துக் கோவைகளைத் தேடிப் பிரிக்கும் அடிப்படை ரெகுலர் எக்ஸ்பிரஷன் கருவியில், சொல்லுக்குரிய எழுத்து எது என்ற கணக்கில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் சேருவதில்லை. அதை நம்பி முகவரி ஆக்கும் கருவிகள் ‘தமிழ்’ என்ற தலைப்பைத் ‘தமழ’ என்றும், ‘கட்டுரை’ என்பதைக் ‘கடடர’ என்றும் ஆக்கித் தருகின்றன. வேறு சில கருவிகள் ஆங்கிலம் அல்லாத எதையும் தூக்கி எறிந்துவிட்டு 1, 2, 3 என்று எண்ணை மட்டும் இடுகின்றன. நடுவில் ஒரு புதிய தலைப்பைச் சேர்த்தால் அதற்குப் பிந்தைய எல்லா இணைப்புகளும் ஒரு வீடு தள்ளிப் போய்விடும். முக்கியமான தலைப்புகளுக்கு முகவரியை நானே கையால் எழுதிவிடுகிறேன்.

என் மூன்றாவது இடமாற்றத்தில் நடந்ததும் பிழையைச் சொல்லாத மார்க்டவுனின் மௌனத்தால்தான். காமன்மார்க்கில் அடிக்குறிப்பும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. அவையெல்லாம் ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி ஒட்டிக்கொண்ட கிளைகள். இல்லாத வசதிக்கு நடுவே மூல எச்டிஎம்எல்லை எழுதிக்கொள்ளலாம் என்பது குரூபர் திறந்துவைத்த வாசல், நானும் அட்டவணைகளையும் படங்களின் விளக்கங்களையும் அப்படியே எழுதிவந்தேன். நான் பயன்படுத்திய கருவி ஒரு பதிப்பில் உள்ளிருந்த பார்சரை, அதாவது கோப்பைப் பகுத்துப் படிக்கும் நிரலை, மாற்றியது. புதிய பார்சர் பாதுகாப்பு கருதி மூல எச்டிஎம்எல்லை ஏற்காது. தளத்தின் கட்டுமானம் வெற்றி என்று திரை சொன்னது. 60-க்கும் மேற்பட்ட பக்கங்களில் அட்டவணை இருந்த இடம் வெறுமையாக இருந்ததை, ஓர் அன்பர் கேட்டெழுதிய பிறகுதான் அறிந்தேன். ஓர் அமைப்பை இயக்கினால் பழையபடி வந்துவிடும் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதற்குள் பாதி அட்டவணைகளை நான் வேறு வழியில் எழுதி முடித்திருந்தேன்.

பேசாத மார்க்டவுனிலிருந்து வாயாடியான ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டுக்கு ஓராண்டு போயிருந்தேன். பைத்தான் மொழியின் ஆவணங்கள் எழுதப்படும் வடிவம் இது. டேவிட் குட்ஜர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. அடிக்குறிப்பு, மேற்கோள் பெட்டி, குறுக்கு இணைப்பு எல்லாம் வீட்டிலேயே உண்டு, வெளியே கடன் வாங்க வேண்டியதில்லை. நட்சத்திரத்தை மூடாமல் விட்டால் எந்த வரியில் விட்டீர்கள் என்று சொல்லும். ஆனால் தமிழ் எழுத்தின் அமைப்பும் இதன் விதிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தலைப்புக்குக் கீழே தலைப்பின் நீளத்துக்குக் கோடு போட வேண்டும். ‘முன்னுரை’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. நான்கு கோடு போட்டேன். கோடு போதவில்லை என்றது. யூனிகோடில் அந்தச் சொல் எட்டுக் குறிகளால் ஆனது. அதில் புள்ளியை மட்டும் கழித்துவிட்டு உகரக் குறிகளையும் ஐகாரக் குறியையும் தனித்தனி இடமாக எண்ணுவதால் ஏழு கோடு வேண்டும். கணக்குப் பார்க்காமல் எல்லாத் தலைப்புக்கும் 40 கோடு இழுத்துவிடுவது என்று பழகிக்கொண்டேன். கோடுகளால் கட்டம் வரைந்து எழுதும் அட்டவணையில் அந்தத் தந்திரமும் பலிக்காது. அங்கே ஒவ்வொரு செங்குத்துக் கோடும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும், தமிழோ எந்த எடிட்டரிலும் ஒரே அகலத்தில் நிற்காது. கண்ணுக்கு நேராக இருந்தால் எண்ணிக்கையில் தவறும், எண்ணிக்கையில் சரியாக இருந்தால் கண்ணுக்குப் பாம்புபோல் நெளியும். அட்டவணையைக் காற்புள்ளியால் பிரித்த வரிகளாக, தனி சிஎஸ்வி கோப்பில் வைத்து உள்ளே அழைத்துக்கொள்ளும் வசதி இதில் இருக்கிறது, அது மிக நன்றாக வேலை செய்கிறது. தரவைத் தனிக்கோப்பில் வைக்கும் பழக்கமே எனக்கு அங்கிருந்துதான் வந்தது. உருபு ஒட்டும் இடங்களில் ஒரு சாய்கோடும் வெற்றிடமும் போட்டுப் பிரிக்க வேண்டியிருப்பது கை ஓட்டத்தைக் கெடுக்கிறது. கவிதைக்கு மட்டும் இதுபோல் இன்னொன்று இல்லை: ஒவ்வோர் அடியின் முன்னாலும் ஒரு செங்குத்துக் கோடு, அவ்வளவுதான், அடி அடியாகவே நிற்கும், உள்தள்ளல்கூட மாறாது.

ஆஸ்கிடாக் 2002-இல் ஸ்டூவர்ட் ராக்காம் தொடங்கியது, 2013-க்குப் பிறகு ஆஸ்கிடாக்டர் என்ற ரூபி மொழிக் கருவியால் பரவியது. புத்தகம் எழுதுகிறவருக்கு ஏற்ற வடிவம். ஒற்றை நட்சத்திரம் முழுச் சொல்லுக்கு, இரட்டை நட்சத்திரம் சொல்லின் ஒரு பகுதிக்கு என்று வேறுபடுத்தியிருப்பது உருபுகளால் ஆன நம் மொழிக்கு என்றே யோசித்ததுபோல் இருக்கிறது. ஆனால் அதன் முழு வலிமையும் ஆங்கிலச் சொற்களால் ஆன கட்டளைகளில் இருப்பதால் விசைப்பலகை மாற்றம் மறுபடியும் வந்து சேர்கிறது. சொந்தத் தளத்துக்கு அது கொஞ்சம் பெரிய பாத்திரம். ஆர்க் மோடு என்ற வடிவத்தை ஈமேக்ஸ் எடிட்டரில் வாழ்கிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம், வெளியே இருப்பவர்களுக்கு அதில் பாதிப் பயன்தான். மெக்ஃபார்லேன் 2022-இல் வெளியிட்ட ஜாட், மார்க்டவுனின் கோணல்கள் பலவற்றை நிமிர்த்தியிருக்கிறது. ஆனால் அதை நேராகப் படிக்கும் தளக் கருவிகள் சிலவே என்பதால் இப்போதைக்குக் காத்திருக்கிறேன்.

இனி தரவு. என் புத்தகக் கடை அட்டவணை முதலில் யாம்ல் என்ற தரவு வடிவத்தில் இருந்தது. ஏனென்று கேட்டால், 2008-இல் வந்த ஜெக்கில் என்ற தளக் கருவி தொடங்கிவைத்த வழக்கப்படி, கட்டுரைகளின் தலைமாட்டில் தலைப்பும் தேதியும் சொல்ல இடும் முன்குறிப்பு யாம்லில் இருந்தது, அட்டவணையும் அதிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். பார்க்க அழகான வடிவம். அடைப்பில்லை, மேற்கோள் இல்லை, தமிழில் அப்படியே ‘பெயர்’, ‘ஊர்’, ‘எஸ்டிடி’ என்று எழுதலாம். ஆறு மாதம் கழித்து ஒரு நண்பர், “அண்ணே, சென்னைக்கு எஸ்டிடி கோடு 36-ன்னு போட்டிருக்கீங்களே, எப்போ மாத்துனாங்க?” என்று கேட்டார். கோப்பைத் திறந்து பார்த்தால் 044 என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் 36. மதுரையின் 0452 என்பது 298 ஆகவும், கோயம்புத்தூரின் 0422 என்பது 274 ஆகவும் நின்றன. பொள்ளாச்சியின் 04259 மட்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் சரியாக இருந்தது. என்னை ஒரு முழு மாலை அலைக்கழித்தது அந்தப் பொள்ளாச்சிதான்.

காரணம் இது: 2005-இல் வந்த யாம்ல் 1.1 விதிப்படி, சுழியத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண். 044 என்பது நான்கு எட்டும் நான்கும், ஆக 36. எட்டடிமானத்தில் 8, 9 ஆகிய இலக்கங்கள் இல்லை; பொள்ளாச்சியின் குறியீட்டில் 9 இருப்பதால் அதை எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாமல் வெறும் எழுத்துக் கோவையாக விட்டுவிட்டது. திறக்கும் நேரத்திலும் இதே கதை. காலை 10:30 என்று எழுதியதை அறுபதடிமான எண்ணாகக் கொண்டு 630 என்று மாற்றியிருந்தது. 09:30 என்று எழுதிய கடைகள் தப்பித்தன, 9:30 என்று எழுதியவை 570 ஆயின. 2009-இல் வந்த 1.2 பதிப்பு இவற்றையெல்லாம் நீக்கிவிட்டது என்றாலும், பரவலாகப் புழங்கும் பார்சர்களில் சில இன்னும் 1.1-ஐயே பின்பற்றுகின்றன. 1.2-ஐப் பின்பற்றும் பார்சரிலும் 044 என்பது 44 ஆகிவிடும், முன்சுழியம் திரும்பி வராது. நார்வேயில் உறவினர் உள்ள தமிழர்கள் முகவரிப் பட்டியலை யாம்லில் வைத்தால் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம்: அந்த நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்பதற்கான சொல்லாகவும் இருப்பதால், 1.1 அதைப் ‘பொய்’ என்ற மதிப்பாக மாற்றிவிடும். மேற்கோள் குறிக்குள் வைத்தால் எல்லாம் சரியாகும் என்பது உண்மை. ஆனால் மேற்கோள் வேண்டியதில்லை என்பதுதானே இந்த வடிவத்தின் கவர்ச்சி?

அதே அட்டவணையை டாம்லில் எழுதிப் பார்த்தேன். 044 என்று மேற்கோளில்லாமல் எழுதினால், முன்சுழியம் உள்ள எண் செல்லாது என்று கட்டுமானமே நின்றுவிடுகிறது. எந்த வரி, எத்தனையாவது இடம் என்பதும் தெரிந்துவிடுகிறது. எரிச்சலூட்டும் நிமிடம்தான் அது. ஆனால் 36 என்று ஆறு மாதம் பக்கத்தில் நின்றதைவிட ஒரு நிமிட எரிச்சல் மலிவு. டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2013-இல் தொடங்கிய இந்த வடிவம் 2021-இல் 1.0 ஆனது, பைத்தானின் 3.11 பதிப்பிலிருந்து அதைப் படிக்கும் கருவி மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஜெக்கிலை உருவாக்கியவரும் இவரே என்பதால், யாம்லை வலைத்தளங்களுக்குள் அழைத்துவந்தவரே அதற்கு மாற்றும் எழுதினார் என்று சொல்லலாம். தேதிக்குத் தனி வகை உண்டு. தலைப்பில் முக்காற்புள்ளி வந்தால் யாம்ல் குழம்பும், இது குழம்பாது, ஏனெனில் எழுத்தெல்லாம் கட்டாயமாக மேற்கோளுக்குள் இருக்கிறது. தமிழருக்கு ஒரே மனக்குறை: மேற்கோள் இல்லாத பெயர்ச்சாவிகளில் ஆங்கில எழுத்துக்கு மட்டுமே இடம், ‘ஊர்’ என்று வைக்க விரும்பினால் சாவியையும் மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். பக்கம் முழுக்க மேற்கோள் குறிகள் கொசுபோல் மொய்க்கும். இருக்கட்டும்.

நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவத்தை மனிதர் கையால் எழுதக்கூடாது என்பது என் கருத்து. குறிப்பு எழுத இடமில்லை, கடைசி உருப்படிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சினால் கோப்பு முழுவதும் செல்லாது. முன்சுழியத்தை இதுவும் ஏற்காது என்பது நல்ல குணம். இயந்திரம் எழுதி இயந்திரம் படிக்க இதைவிட நல்லது இல்லை. என் தளத்தின் தேடல் பட்டியல் இதில்தான் இருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைத்தானின் ஜேசன் கருவி, தனியாகச் சொல்லாவிட்டால், தமிழ் எழுத்துகளை எழுத்தாக வைக்காது. ஒவ்வொரு குறியையும் சாய்கோட்டில் தொடங்கும் ஆறெழுத்துச் சங்கேதமாக்கும். ‘தமிழ்’ என்பதில் ஐந்து குறிகள். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது 15 பைட்டு, சங்கேதத்தில் 30. பொருள் மாறாது, ஆனால் கோப்பு இரட்டிப்பதோடு கண்ணால் படிக்கவும் முடியாது. ஓர் அமைப்பை மாற்றினால் தீரும்.

எல்லாவற்றையும் சுற்றிவந்த பிறகு கடை அட்டவணை போய்ச் சேர்ந்தது சிஎஸ்வியில். இதில் எண், தேதி, மெய், பொய் என்ற வகைகளே கிடையாது, எல்லாம் எழுத்துக் கோவை. எனவே 044 என்பது 044 ஆகவே இருக்கிறது, 10:30-உம் அப்படியே. ஆபத்து கோப்பில் இல்லை, அதைத் திறக்கும் எக்செல்லில் இருக்கிறது: சுழியத்தைச் சாப்பிட்டுவிடும், யுடிஎஃப்-8 என்று அடையாளம் காட்டும் மூன்று பைட்டு முன்குறி இல்லாவிட்டால் தமிழைக் குப்பையாகக் காட்டும். அந்த முன்குறியைச் சேர்த்துச் சேமித்தாலோ, அதைக் கவனிக்காத நிரல் முதல் நெடுவரிசையின் பெயரோடு அதையும் சேர்த்துப் படித்து, ‘பெயர்’ என்ற நெடுவரிசையே இல்லை என்று சாதிக்கும். லிப்ரே ஆபிஸின் கால்க், திறக்கும்போதே குறியேற்றம் எது, எந்த நெடுவரிசையை எழுத்தாகக் கொள்வது என்று கேட்கிறது, அதையே பயன்படுத்துகிறேன்.

எக்ஸ்எம்எல்லைப் பற்றி, அதில் எழுதப்படும் செய்தியோடைகள் வழியாக மட்டும் ஒரு சொல். ஆர்எஸ்எஸ் 2.0-இல் தேதியை ஆங்கில மாதப் பெயரோடு எழுத வேண்டும். தளத்தின் மொழியைத் தமிழ் என்று அமைத்தால் சில வார்ப்புருக்கள் அங்கேயும் ‘மார்ச்’ என்று தமிழில் எழுதிவைக்கும், வாசிப்பான்களுக்கு அது புரியாது. 2005-இல் தரப்படுத்தப்பட்ட ஆட்டம் ஓடையில் மாதப் பெயரே வராது, மாதமும் இலக்கமே. தமிழ்த் தளத்துக்கு ஆட்டமே பொருத்தம்.

எந்த வடிவமும் கண்டுபிடித்துச் சொல்லாத பிழை ஒன்று உண்டு. என் தளத்தில் ‘கொங்கு’ என்ற குறிச்சொல் பட்டியலில் இரண்டு முறை வந்தது, எழுத்துக்கு எழுத்து ஒன்றேபோல். ஒன்றில் ஒகரக் குறி ஒரே யூனிகோடு குறியாகவும், பழைய எழுத்துரு மாற்றியின் வழியே வந்த மற்றதில் ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் இருந்தது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஜேசனுக்கும் யாம்லுக்கும் டாம்லுக்கும் அவை இரு வேறு சொற்கள். கோப்புகள் அனைத்தையும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்துக்கு உட்படுத்தும் ஒரு சிறு நிரலை எழுதியபின் அது தீர்ந்தது. ‘ஔவை’ மட்டும் தீரவில்லை. சிலர் ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்கிறார்கள். யூனிகோடு கணக்கில் அவை சமமானவை அல்ல, ஆகவே இயல்பாக்கம் அதைத் தொடாது. அதைக் கையால்தான் திருத்தினேன். திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் வெளியான நூல்களைப் பின்னர் யூனிகோடுக்குக் கொண்டுவந்த மதுரைத் திட்டத்தாருக்கு இந்த வேலை எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இப்போது கட்டுரைகள் காமன்மார்க்கிலும், அவற்றின் முன்குறிப்பும் நூல் பட்டியலும் டாம்லிலும், கடைகள் சிஎஸ்வியிலும் இருக்கின்றன. ஹியூகோ, ஜோலா போன்ற கருவிகள் டாம்ல் முன்குறிப்பை ஏற்கும். ஜெக்கில் ஏற்காது, எனவே அதில் இருப்பவர்கள் யாம்லிலேயே தொடர்ந்து, எண்களையும் நேரங்களையும் மேற்கோளுக்குள் வைத்துக்கொள்ளலாம். கவிதைகள் 23 மட்டும் இன்னும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் கிடக்கின்றன. அவற்றையும் ஒருமுறை பாண்டாக் என்ற வடிவமாற்றியைக் கொண்டு காமன்மார்க்குக்கு மாற்றிப் பார்த்தேன். பிழை ஒன்றுமில்லை, ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒரு சாய்கோடு வந்து நின்றது. முன்னால் நிற்கும் கோடு கண்ணுக்குப் பழகியிருந்தது, பின்னால் வந்தது உறுத்தியது. மாற்றிய கோப்புகளை அழித்துவிட்டு, அந்த 23-க்கு மட்டும் தனியாக ஒரு நிரல் எழுதிக்கொண்டேன்.